கஜாவுக்கு அப்புறம் வீட்டையும் பாலிசியையும் நான் பார்க்கும் விதம்

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதனால் வீட்டையும் வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியையும் பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு கொடைக்கானலுக்குக் கீழே பெருமாள்மலை பக்கம். 2018 நவம்பர் 16, கஜா. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ராத்திரியில் கரையேறிய புயல் மலைக்கு வந்து என்ன செய்துவிடப்போகிறது என்றுதான் நினைத்தோம். விடிந்த பிறகு காற்று பிடித்துக்கொண்டது. பின்பக்கம் நின்ற சில்வர் ஓக் வேரோடு சாய்ந்து சமையலறைத் தகரத்தின்மேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் பாலை இறக்கிவைத்துவிட்டு முன்னறைக்கு வந்திருந்தார். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

ரோடெல்லாம் மரம், கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வருவதற்குள் நாங்களே மரத்தை அறுத்து, தார்ப்பாய் கட்டி, உடைந்ததையெல்லாம் ஓரமாகக் குவித்துவிட்டோம். மழை உள்ளே கொட்டும்போது வேறென்ன செய்வது? ஆனால் ஒரு ஃபோட்டோகூட எடுக்கவில்லை. அவர் வந்து நின்று, "முன்னாடி இந்த இடம் எப்படி இருந்துச்சு, படம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். தேடித்தேடிக் கடைசியில் கிடைத்தது என் மகளின் காதுகுத்துப் படம். மாமா மடியில் அவள் அழுதுகொண்டிருக்கிறாள், பின்னால் சமையலறைச் சுவரும் மேடையும் கூரையின் ஒரு பகுதியும் தெளிவாகத் தெரிகின்றன. அந்த ஒரு படத்தை வைத்துத்தான் அந்தப் பகுதிக்குக் கணக்குப் போட்டார்கள்.

அடுத்த அடி பாலிசியில். வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே கூடவே போட்டது அது, நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. கடன் தொகைக்கு மட்டும், கட்டடத்துக்கு மட்டும். நனைந்துபோன ஃபிரிட்ஜ், மிக்ஸி, மெத்தை எதற்கும் ஒரு ரூபாய் கிடையாது. போதாததற்கு, பழைய பாலிசிகளில் விகிதக் குறைப்பு என்று ஒன்று உண்டு. திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும் வீட்டுக்கு 10 லட்சத்துக்குத்தான் பாலிசி என்றால், 2 லட்சம் சேதமானாலும் கையில் வருவது 1 லட்சம். எங்களுக்கு அப்படித்தான் வெட்டினார்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுப் பாலிசியை வீட்டுக் காப்பீடு தரும் எல்லாக் கம்பெனிகளும் தரவேண்டும் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. நான் இப்போது வைத்திருப்பது அதுதான். புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுவது எல்லாம் அடக்கம். வீட்டின் பரப்பையும் கட்டுமானச் செலவையும் சரியாகச் சொல்லியிருந்தால் அந்த விகிதக் குறைப்பு கிடையாது. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேர்ந்துவிடும். நகைக்குத் தனியாகக் கேட்டு எடுக்கவேண்டும். இதில் மலைக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று: கட்டுமானச் செலவுக்கு சமவெளி ரேட்டைப் போட்டுவிடாதீர்கள். மணல், செங்கல், கம்பி எல்லாம் லாரியில் மலையேறித்தான் வருகிறது, நம் ஊர் மேஸ்திரியிடம் கேட்டு நம் ஊர் ரேட்டைப் போடுங்கள். நிலத்தின் விலையை இதில் சேர்க்கக்கூடாது.

வீட்டு வேலையை நான் புரட்டாசியிலேயே முடித்துவிடுவேன். தகரத்தைப் பிடித்திருக்கும் வளைந்த ஜே போல்ட் ஒவ்வொன்றையும் கையால் திருகிப் பார்ப்பது, வாஷர் போயிருந்தால் மாற்றுவது, கூரைத் தண்ணீர் இறங்கும் பைப்பில் அடைந்த இலையை அள்ளுவது. இவற்றைவிட முக்கியம் பின்னால் மண் சரியாமல் தாங்கி நிற்கும் கல்கட்டுச் சுவர். போன வருஷம் அதில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகளில் கம்பியை விட்டுக் குத்தினோம். மூன்றாவது துளையில் முதலில் வேர் வந்தது, அப்புறம் களி மாதிரி சேறு, அப்புறம் செம்மண் தண்ணீர் அரைமணி நேரம் நிற்காமல் ஓடியது. அவ்வளவு தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறது, வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை!

சாய்ந்து நிற்கும் மரத்தை நம் இஷ்டத்துக்கு வெட்ட முடியாது, 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். மனு கொடுங்கள், அதன் நகலையும் பத்திரமாக வையுங்கள். வீட்டைக் கவனமாகப் பார்த்துக்கொள்வது பாலிசி எடுத்தவரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது, அந்த நகல் உங்கள் பக்கம் பேசும்.

சரி, அதெல்லாம் முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து, சென்னையில் இருக்கும் தம்பிக்கு அனுப்பிவிடுவேன்.

—

அக்கா, நான் கோத்தகிரி. நிலச்சரிவு அடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் ஒரு விஷயத்தை எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும். எங்கள் சித்தப்பா போர்ட்டிகோவுக்காகச் சரிவில் மண் போட்டு நிரவி, அதன்மேல் கட்டியிருந்தார். மழையில் அந்தப் பகுதி மட்டும் இறங்கிவிட்டது. நிரப்பிய மண் நகர்ந்தால் தரமாட்டோம் என்று பாலிசியில் இருக்கிறது எனச் சொல்லிவிட்டார்கள், எடுத்துப் பார்த்தால் உண்மையிலேயே இருக்கிறது. புதுக் கட்டடம் மண்ணில் அமரும்போது விழும் விரிசல், மண் தோண்டும் வேலையால் வரும் சேதம், இவற்றுக்கும் கிடையாது. கீழ்வீட்டில் ஜேசிபி வந்து நின்றால் அன்றைக்கே தேதியோடு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

—

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. சித்தப்பாவின் சேதம் முழுக்க அந்த நிரவிய இடத்தில்தானா, இல்லை பழைய சுவரிலும் இருக்கிறதா? பழைய சுவரையும் சேர்த்து மறுத்திருந்தால் விடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ சென்னையில் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆனால் ஒரு வருஷத்துக்குள் போகவேண்டும். மறுத்த கடிதத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.