மொரீஷியஸ் ரம் ஆலைகள்: எதைப் பார்க்கலாம்?

கோவை ரமணி:
செப்டம்பர் இரண்டாம் வாரம் நானும் மனைவியும் எட்டு நாள் மொரீஷியஸ் போகிறோம். தங்குவது வடக்கே கிராண்ட் பேயில். அந்த ஊர் ரம் எப்படி வடிக்கிறார்கள் என்று ஆலைக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மனைவி குடிப்பதில்லை, அவருக்கும் பொழுது போக வேண்டும். எந்த ஆலைக்குப் போகலாம்? ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?

நெல்லிக்குப்பத்தான்:
ரமணி சார், செப்டம்பர் என்றதும் சந்தோஷமாக இருந்தது. அங்கே கரும்பு வெட்டு ஜூன் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை போகும். நான் முதல்முறை போனது மார்ச்சில். ஆலை சுத்தமாகக் கழுவி மூடிக் கிடந்தது, பீப்பாய்களை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை அக்டோபரில் போனபோதுதான் ஆலை உயிரோடு இருந்தது.

அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். மொலாசஸ் வாடையிலேயே வளர்ந்தவன் நான். உலகத்தில் பெரும்பாலான ரம் அந்த மொலாசஸில், அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரிய பாகில் செய்வதுதான். மொரீஷியஸிலும் 2006 வரை கரும்புச் சாற்றிலிருந்து நேராக ரம் வடிக்க அனுமதி கிடையாது. சட்டம் மாறிய பிறகு, 2008-ல் தென்மேற்கு மலையில் ஷமரெல் ஆலை திறந்தது. நீங்கள் ஒன்றே ஒன்று பார்ப்பதாக இருந்தால் அதைப் பாருங்கள். ஆலையைச் சுற்றிலும் அவர்களுடைய கரும்புத் தோட்டம்தான். சாறு சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் வெட்டிய கரும்பைக் காக்க வைக்காமல் அரவைக்கு அனுப்பிவிடுவார்கள். நொதிக்கும் தொட்டி ஓரம் நின்று காது கொடுத்துப் பாருங்கள், சோடா திறந்த மாதிரி மெல்லிய இரைச்சல் கேட்கும். வாடை அப்படியே இரண்டு நாள் புளித்த தோசை மாவு, நடுவில் கொஞ்சம் கரும்புச் சக்கை.

சுவைக்கக் கொடுக்கும்போது பலரும் பழுப்பு நிற ரம்மைத்தான் முதலில் கேட்பார்கள். நீங்கள் வெள்ளையிலிருந்து தொடங்குங்கள். பழுப்பு நிறமும் வனிலா வாசமும் ஓக் பீப்பாய் கொடுப்பது. வெள்ளை ரம்மில் ஒளிக்க ஒன்றுமில்லை, சாறு நல்லதா, வடித்தவர் கை நல்லதா என்று அதில்தான் தெரியும். கிளாஸை மூக்கருகில் கொண்டு போனதும் எனக்குக் கரும்புக் கரணை நறுக்கும் வயலே வந்துவிட்டது. பச்சைப் புல், கொஞ்சம் மிளகு. சிறு வயதில் பல்லால் கரும்புத் தோலை உரிக்கும்போது மூக்கில் ஏறுமே, அதே வாசம்.

மொலாசஸ் ரம்முக்கு நியூ க்ரோவ் வாங்குங்கள். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துக் குடித்தால் வித்தியாசம் நாக்கிலேயே நிற்கும்.

வெண்மதி:
அக்காவுக்காக நான் சொல்கிறேன், நானும் குடிக்காதவள்தான். கிராண்ட் பேயிலிருந்து பக்கத்தில் பாம்ப்ளமூஸ் இருக்கிறது. அங்கே போ பிளான் என்ற பழைய சர்க்கரை ஆலை 1999-ல் அரவையை நிறுத்தியது, இப்போது அது சர்க்கரை அருங்காட்சியகம். கடைசியில் விதவிதமான சர்க்கரைகளைச் சுவைக்கத் தருகிறார்கள், ஒன்று நம் ஊர் நாட்டுச்சர்க்கரை போலவே இருந்தது. ரம்மும் உண்டு, அண்ணன் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

தெற்கே சேந்த் ஓபேன் தோட்டத்திலும் ரம் வடிக்கிறார்கள், 1819-ல் கட்டிய வீடு இருக்கிறது. எனக்குப் பிடித்தது அங்குள்ள வனிலா. வனிலாப் பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும், அதற்குள் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த எளிய வழியை 1841-ல் பக்கத்துத் தீவான ரெயூனியனில் கண்டுபிடித்தவன் எட்மோன் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன். அதைக் கேட்டதிலிருந்து வனிலாவை மோந்தாலே அந்தப் பையன் ஞாபகம்தான்.

கோவை ரமணி:
இருவருக்கும் நன்றி. ஷமரெலும் சேந்த் ஓபேனும் ஒரே நாளில் முடியுமா? நானே கார் ஓட்டலாம் என்று இருக்கிறேன். பழம் ஊறப்போட்ட ரம் என்று ஒன்று சொல்கிறார்களே, அது வாங்கத் தகுந்ததா?

நெல்லிக்குப்பத்தான்:
அன்று மட்டும் கார் ஓட்டாதீர்கள் சார். ஷமரெல் சாலை செங்குத்தாக வளைந்து வளைந்து ஏறும், சுவைத்துவிட்டு அதில் இறங்கக் கூடாது. நாள் வாடகைக்கு டாக்சி பேசிவிடுங்கள். காலையிலேயே ஷமரெல், சாப்பாடும் அங்கேயே, மதியத்துக்கு மேல் சேந்த் ஓபேன். போ பிளானை வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது ரம் அரான்ஷே. வெள்ளை ரம்மில் அன்னாசி, லிச்சி, இஞ்சி, வனிலா என்று போட்டு மாதக்கணக்கில் ஊற வைப்பது. கடையில் அலங்காரமாக விற்பது எனக்கு அதிக இனிப்பு. சிறிய சாப்பாட்டுக் கடைகளில் கல்லா பக்கத்தில் பெரிய கண்ணாடி ஜாடி வைத்திருப்பார்கள், அதில் ஒரு கிளாஸ் கேட்டு வாங்குங்கள்.

இந்தியாவுக்குள் வரி இல்லாமல் ஆளுக்கு 2 லிட்டர். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால் பாட்டில்கள் செக்-இன் பெட்டியிலேயே போகட்டும். நான் லுங்கியில் சுற்றி நடுவில் வைத்தேன், நான்கும் பத்திரமாக வந்தன. வெள்ளை ஒன்று கட்டாயம் எடுத்து வாருங்கள், பீப்பாய் ரம் வேறு எங்காவது கிடைத்துவிடும்.