புதுப்பிப்பு: நன்கொடைக்கு வரிக் கழிவு, 75,000 ரூபா கணக்கு

இலங்கையில் நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரிக் கழிவு பற்றிய முதற்பதிவில் ‘75,000 ரூபா வரை கழிக்கலாம்’ என்று மட்டும் இருந்தது. அது பாதிதான். தனிநபருக்கு வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொன்று, 75,000 இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. கழிவது வருமானத்திலிருந்து, வரியிலிருந்து அல்ல. 2025/26 வரியாண்டில் (ஏப்ரல் முதல் மார்ச் வரை) வருமானம் 24 இலட்சமென்றால், 18 இலட்சம் விலக்குப் போக மிச்சம் 6 இலட்சம், வீதம் 6%. முழு 75,000 கொடுத்தாலும் வரியில் மிச்சமாவது 4,500 ரூபாதான்!

திருகோணமலையில் பலர் சறுக்குவது வேறிடத்தில். கோயில் திருவிழா உபயம் இதில் சேராது. நோயாளரையோ வறியோரையோ நிறுவனத்தில் வைத்துப் பராமரிக்கும், அங்கீகாரம் பெற்ற அறநிலையமாக இருக்கவேண்டும். அதுவும் பணமாகவே, அரிசி மூட்டைக்குக் கழிவில்லை. அரசுக்கோ உள்ளூராட்சி சபைக்கோ கொடுத்தால் பொருளும் செல்லும், 75,000 எல்லையும் இல்லை.

பற்றுச்சீட்டில் உங்கள் பெயர் இருக்கவேண்டும், திகதி வரியாண்டு முடியும் மார்ச் 31க்குள். வருமான வரி விவரத்திரட்டை அதையடுத்த நவம்பர் 30க்குள் கொடுக்கவேண்டும்.