லைட்மோட்டிஃபுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

வெண்ணி, வியாழன் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியல் முதலாண்டுப் பாடநூலில் 'தொடர்களில் இசை' என்ற இயல் என் பொறுப்பு. திங்கள் காலை பதினோரு மணிக்குக் கோப்பு அச்சகத்துக்குப் போய்விடும். இயல் முடிந்துவிட்டது, ஒரு சொல்தான் பாக்கி. அது 43 இடத்தில் வருகிறது.

ஒரு ஆளுக்கோ குடும்பத்துக்கோ இடத்துக்கோ உரியதாக ஒரு மெட்டை ஒட்டவைத்து, கதையில் அவ்வப்போது அதைத் திரும்பக் கொண்டுவருவதை லைட்மோட்டிஃப் என்கிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்களை ஒட்டிப் பரவிய ஜெர்மன் சொல். லைட்டன் என்றால் வழிநடத்துதல். நான் முதலில் 'தலைமை இசைக்கரு' என்று போட்டேன். வகுப்பில் வாசித்துக் காட்டியபோது ஒரு மாணவி "தலைமை ஆசிரியர் மாதிரி இருக்கு மேடம்" என்றாள். எடுத்துவிட்டேன்.

எடுத்துக்காட்டாகக் கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் வரும் 'தி ரெயின்ஸ் ஆஃப் காஸ்டமியர்' பாட்டை வைத்திருக்கிறேன். வரிகள் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் மூல நாவலில் 2000லேயே வந்தவை, தொடருக்காக மெட்டுப் போட்டவர் ராமின் ஜவாதி. லேனிஸ்டர் குடும்பத்தை எதிர்த்த ரெய்ன் குடும்பத்தை டைவின் லேனிஸ்டர் பூண்டோடு அழித்த கதையைச் சொல்லும் பாட்டு. இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில், 2012 ஏப்ரலில், டைவினின் மகன் டிரியன் அதைச் சீழ்க்கையடித்துக்கொண்டே மந்திராலோசனை அறைக்குள் நுழைகிறான். அதே பருவத்தில் போர் தொடங்குவதற்குச் சற்று முன் டிரியனின் கூலிவீரன் ப்ரான் வீரர்களோடு உட்கார்ந்து பாடுகிறான். மூன்றாம் பருவத்தின் எட்டாம் அத்தியாயத்தில் டைவினின் மகள் செர்சி தன் வருங்கால மருமகள் மார்ஜரியிடம் பாட்டுக்குப் பின்னால் உள்ள கதையைச் சொல்லி மிரட்டுகிறாள். அடுத்த அத்தியாயம் அந்தக் கல்யாணம்: லேனிஸ்டர்களோடு போரிடும் ராப் ஸ்டார்க்கையும் அவன் தாய் கேட்லினையும் விருந்துக்கு அழைத்துக் கொல்லும் கல்யாணம்.

அந்தக் காட்சியை வகுப்பில் பலமுறை போட்டிருக்கிறேன். மணமக்களை அறைக்கு அனுப்பியாயிற்று. கதவைச் சாத்துகிறார்கள். மேல்மாடத்தில் கூத்தும் கும்மாளமுமாக வாசித்துக்கொண்டிருந்தவர்கள் மெதுவாக வேறொன்றுக்கு மாறுகிறார்கள். யாரும் பாடவில்லை, தந்திகள் மட்டும்தான். கேட்லினின் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்குகிறது. பக்கத்தில் இருக்கும், தங்கள் பக்கத்தவன் என்று நம்பிய ரூஸ் போல்டனின் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கிறாள், உள்ளே இரும்புச் சங்கிலிக் கவசம். கத்தி வெளியே வருவதற்கு முன்பே அவளுக்கும் நமக்கும் தெரிந்துவிட்டது, தெரிவித்தது பாட்டு. இதைச் சொல்ல ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

சாரல், வியாழன் இரவு

வெண்ணி அக்கா, நான் வசன வரி மொழிபெயர்ப்பில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஸ்டூடியோவில் எல்லாரும் 'தீம்' என்கிறார்கள், ரசிகர்கள் 'தீம்' என்கிறார்கள், உங்கள் மாணவர்களும் அதைத்தான் சொல்வார்கள். 'தீம் இசை' என்றே போட்டுவிடுங்கள். தமிழேதான் வேண்டுமென்றால் 'சுட்டிசை'. கேட்டதும் இன்னாரைச் சுட்டுகிறது என்று புரியும்.

புலவர் ஐயா, வெள்ளி அதிகாலை

அன்பு வெண்ணி, தம்பி சாரல்,

'சுட்டிசை'யில் சிக்கல் உண்டு. அ, இ, உ மூன்றும் சுட்டு. சுட்டினால் பொருள் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும். வெண்ணி சொல்லும் பாட்டு அப்படி நிற்கவில்லையே. முதலில் சீழ்க்கை, பிறகு குடிப்பாட்டு, பிறகு மிரட்டல், கடைசியில் கொலைக்குக் கொடுத்த சைகை. மெட்டு ஒன்று, பொருள் நான்கு. இதற்கு நம் அணியிலக்கணத்தில் பெயர் இருக்கிறது: மடக்கு. வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தருவது. ஆகவே 'மடக்கிசை'.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மடங்கு, மடக்கு, மடி எல்லாம் ஒரு குடும்பம். மடங்கல் என்றால் சிங்கம். கூற்றுவன் என்றும் பொருள் உண்டு. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் புறநானூறு 71இல் 'மடங்கலின் சினைஇ மடங்கா உள்ளத்து' என்று தொடங்குகிறான், அந்த ஒரே அடியில் சிங்கமும் இருக்கிறது, மடங்காமையும் இருக்கிறது. லேனிஸ்டரின் கொடியில் சிங்கம் என்று பேத்தி சொன்னாள். அழிந்த ரெய்ன்களின் கொடியிலும் சிங்கமாம், செந்நிறமாம். ஒரு சிங்கம் இன்னொரு சிங்கத்தை அழித்த பாட்டுக்கு 'மடக்கிசை' என்ற பெயர் எப்படிப் பொருந்துகிறது பாருங்கள். நேற்றிரவு இதை நினைத்துத் தூக்கமே வரவில்லை.

சாரல், வெள்ளி காலை

ஐயா, படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் மாணவருக்கு மடக்கு என்றால் மடக்குக் கத்தி, மடக்கு நாற்காலி. 'மடக்கிசை' என்றால் மடித்து வைக்கிற இசைக்கருவி என்று நினைப்பார்கள். அப்புறம், சிங்கம் இந்தத் தொடருக்குச் சரி. வாக்னருக்கும் சிங்கத்துக்கும் என்ன தொடர்பு?

இழை, வெள்ளி மதியம்

நான் வீணை கற்பிப்பவள். பல்லவிக்கு எடுப்பு, அனுபல்லவிக்குத் தொடுப்பு, சரணத்துக்கு முடிப்பு என்று தமிழிசையில் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் எடுப்புக்குத்தான் திரும்புகிறோம், சரணத்தைக் கேட்டபின் அதே எடுப்பு வேறாகக் கேட்கிறது, பாடுகிற எல்லாருக்கும் இது தெரியும். 'எடுப்பிசை' பொருந்துமா? இன்னொரு யோசனை 'கருவிசை'. கருப்பொருள் பட்டியலில் தொல்காப்பியரே பறையையும் யாழின் பகுதியையும் வைத்திருக்கிறார். குறிஞ்சிக்கு ஒரு பண், முல்லைக்கு ஒரு பண். பண் கேட்டாலே நிலம் தெரியும். லைட்மோட்டிஃப் செய்வதும் அந்த வேலைதானே.

புலவர் ஐயா, வெள்ளி மாலை

அம்மா, யாழின் பகுதியை நினைவூட்டியதற்கு நன்றி. ஆனால் 'கருவிசை'யை யாரும் கரு+இசை என்று பிரிக்க மாட்டார்கள். கருவி இசை என்று படித்து வாத்திய இசை என்று கொள்வார்கள். உடம்படுமெய் இங்கே பகையாகிவிட்டது.

கூத்தன், வெள்ளி இரவு

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் வாக்னரில் தொடங்கி இலக்கணத்துக்குப் போய்விட்டீர்கள், இடையில் கூத்து இருக்கிறது. எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரவுத் தாளம் உண்டு. ஆள் களரிக்குள் வருவதற்கு முன்னமே மத்தளத்தைக் கேட்டு வரப்போவது ஆரென்று சனத்துக்கு விளங்கிவிடும். சின்ன வயதில் நான் பாதித் தூக்கத்தில் கிடந்து, தாளத்தைக் கேட்டுத்தான் எழும்புவேன். ஆகவே 'வரவிசை' என்று வைத்தால் என்ன?

வெண்ணி சொன்ன கல்யாணக் காட்சியைப் பார்த்திருக்கிறேன். டைவின் அந்த மண்டபத்தில் இல்லை. எங்கோ தூரத்தில் இருந்து கடிதத்தால் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டு இருக்கிறான். மேல்மாடத்தில் வாசித்ததுதான் அவனுடைய வரவு.

வெண்ணி, வெள்ளி இரவு

கூத்தன் அண்ணா, கடைசி வரியை இயலில் சேர்த்துக்கொள்ளட்டுமா? நான் அப்படி யோசிக்கவே இல்லை.

ஆனால் 'வரவிசை'யை நான்காம் பருவத்தில் வைத்துப் பாருங்கள். 2014இல், செர்சியின் மகன் ஜாஃப்ரியின் கல்யாணத்தில் சிகுர் ரோஸ் என்ற இசைக்குழு அதே பாட்டை இழுத்து இழுத்து ஒப்பாரி போலப் பாடுகிறது. ஜாஃப்ரி பாதியில் காசை விட்டெறிந்து விரட்டுகிறான். அந்த விருந்து முடிவதற்குள் அவனே செத்துப்போகிறான். அங்கே யாரும் வரவில்லை, போகிறார்கள். பகைவனுக்காக எழுதிய பாட்டு சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. எனக்கு அந்தத் திரும்புதல்தான் முக்கியம். 'மீளிசை' எப்படி?

இழை, சனி காலை

மீளிசை நாவுக்கு நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம். பொதுவாக லைட்மோட்டிஃப் பார்வையாளர் காதுக்கு மட்டும் கேட்பது, கதைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்காது. கேட்லின் கேட்கிறாள். அவளுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருக்கிறது, அதனால்தான் கையைத் தூக்கிப் பார்க்கிறாள். இரண்டுக்கும் ஒரே சொல் போதாது. கதைமாந்தர் காதில் விழுவதை 'கேளிசை' என்று பிரிக்கலாம்.

புலவர் ஐயா, சனி காலை

கேள் என்றால் உறவும் ஆகும், யாவரும் கேளிர். கல்யாண வீட்டில் சம்பந்திகள் வாசிக்க வைத்த இசைக்குக் கேளிசை என்று பெயர் வைத்தால் நெஞ்சு பதைக்கிறது, அதனாலேயே வைக்கலாம் என்றும் தோன்றுகிறது.

கதைக்குள் ஒலிக்கும் பாட்டு கதையைத் திருப்புவது நமக்குப் புதிதில்லை. கானல்வரியை நினையுங்கள். கோவலன் பாடினான், மாதவி பாடினாள், பிரிந்தார்கள். இளங்கோ ஊழ்வினை யாழிசைமேல் ஏறி வந்தது என்கிறார். கேட்டவன் தவறாகப் பொருள் கொண்டதால் வந்த கேடு அது. கேட்லின் சரியாகப் பொருள் கொண்டாள், ஆனாலும் தப்ப முடியவில்லை.

இந்தப் பாட்டின் துறை எது என்றும் பார்த்தேன். மன்னன் புகழைச் சொல்லிப் பகைவர் நாடு அழிவதற்கு இரங்குவது கொற்றவள்ளை. இது அப்படியே அதுதான். வென்றவன் புகழ் பாடும் பாட்டு, தோற்றவனின் ஆளற்ற மண்டபத்தில் மழை பெய்வதில் போய் முடிகிறது. புறநானூறு 7, கரிகாலனைக் கருங்குழலாதனார் பாடியது, அதே துறை. 'ஊர்சுடு விளக்கத்து அழுவிளிக் கம்பலை' என்று ஊர் எரியும் வெளிச்சத்தில் அழுகுரல். முடிவில், கரை உடைத்து வரும் வெள்ளத்தை மண்ணால் அடைக்காமல் மீனால் அடைக்கும் அளவுக்கு வளமான நாடு அழிகிறதே என்ற இரக்கம். அங்கும் நீர், இங்கும் நீர்.

சாரல், சனி மதியம்

ஐயா, இதற்கு நான் மறுப்பு எழுதவே மாட்டேன். தொடரில் வராத ஒன்றைச் சொல்கிறேன். மார்ட்டினின் பின்னணி நூலில் ரெய்ன்கள் தங்கள் கோட்டையான காஸ்டமியரின் சுரங்கங்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள், டைவின் ஓடையைத் திருப்பி உள்ளே விட்டு மூழ்கடிக்கிறான். மழை என்று பாட்டில் வருவதற்குப் பின்னால் அந்த நீரும் இருக்கிறது.

சரி, சொல்லுக்கு வருவோம். நாளை மறுநாள் கோப்புப் போகிறது.

கூத்தன், சனி இரவு

வரவிசையை நான் கைவிடுகிறேன். மீளிசை நல்லது. வினைத்தொகை என்பதைக் கவனித்தீர்களா? மீண்ட இசை, மீள்கின்ற இசை, மீளும் இசை, மூன்று காலமும் உள்ளே கிடக்கிறது. கேட்லின் அதைக் கேட்கும்போது ரெய்ன்களுக்கு நடந்ததும் அதில் உண்டு, தன் மகனுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் நடக்கப்போவதும் உண்டு. புலவர் ஐயா இதை ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

புலவர் ஐயா, ஞாயிறு காலை

வினைத்தொகை வாதம் வலுவானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மீள்வது பொருள் மாறாமலும் மீளலாம். கோயில் மணி நாளும் மீள்கிறது. மாறி மீள்வதற்குத்தான் சொல் கேட்டார் வெண்ணி. என் வாக்கு மடக்கிசைக்கே.

இழை, ஞாயிறு காலை

மீளிசை. கேளிசையையும் ஒரு பத்தியில் சேர்த்தால் மகிழ்வேன்.

சாரல், ஞாயிறு மதியம்

எனக்கு இன்னும் தீம்தான். இருந்தாலும் மீளிசைக்கு எதிராக நிற்க மாட்டேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'தீம் இசை எனப்படும் மீளிசை' என்று எழுதுங்கள் அக்கா, மாணவர் வழுக்காமல் உள்ளே வருவார்.

வெண்ணி, திங்கள் காலை 10.40

மீளிசை போட்டு அனுப்பிவிட்டேன். 43 இடமும் மாற்றியாயிற்று, முதல் இடத்தில் சாரல் சொன்னபடி. கேளிசைக்கு ஒரு பத்தி உண்டு. புலவர் ஐயாவின் கொற்றவள்ளை பெட்டிச் செய்தியாக வருகிறது. எல்லாருக்கும் நன்றி.

வெண்ணி, புதன் மாலை

இன்று வகுப்பில் முதல்முறையாக இந்தச் சொல்லை வைத்துப் பாடம் எடுத்தேன். கல்யாணக் காட்சியை அத்தியாயத்தின் கடைசி வரை ஓடவிட்டேன். முடிவில் பெயர்கள் எந்த இசையும் இல்லாமல் ஓடுகின்றன. வகுப்பிலும் சத்தமே இல்லை. பிறகு மீளிசை என்றால் என்ன என்று கேட்டேன். முதல் வரிசைப் பையன் "ரிப்பீட் ஆகிற பாட்டு" என்றான். அப்போது பின்னால் இருந்து ஒரு பெண், "இல்ல மேடம், ரிப்பீட் ஆனா அந்தம்மா ஏன் பயப்படணும்? டிரியன் விசிலடிச்சப்ப யாரும் பயப்படலையே" என்றாள். அடுத்த பத்து நிமிடம் அதைத்தான் பேசினோம்.

புலவர் ஐயா, மாறி மீள்வது என்பது சொல்லுக்குள் இல்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். இரண்டாம் பதிப்பு வந்தால் மறுபடி இங்கே வருகிறேன்.

புலவர் ஐயா, புதன் இரவு

அந்தப் பெண்ணிடம் மடக்கு என்ற சொல்லை மட்டும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கத்தி நினைவுக்கு வருகிறதா, அணி நினைவுக்கு வருகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.