ரீஜனல் ஏர்லைனில் சேரும் முன்: ஹெட்செட், பை, யூனியன்

கேள்வி: வலதுசீட்டு

அமெரிக்க ரீஜனல் (சின்ன ஊர்களை இணைக்கும் குறுந்தூர ஏர்லைன்) ஒன்றில் ஃபர்ஸ்ட் ஆபீஸர், அதாவது துணை விமானி வேலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. மூன்று வாரத்தில் பயிற்சி கிளாஸ். ஓட்டப்போகும் ஜெட் எம்ப்ரேயர் 175-ஆ, சிஆர்ஜே-யா என்பது உள்ளே போன பிறகுதான் தெரியுமாம்.

ஹெட்செட்டுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஒதுக்கச் சொல்கிறார்கள். செஸ்னா பயிற்சி விமானத்தில் போட்ட பழைய டேவிட் கிளார்க் ஹெட்செட் போதாதா? டார்ச், பை, பவர் பேங்க், கூலிங் கிளாஸ் இதிலெல்லாம் எது கட்டாயம், எது வெறும் பந்தா?

இன்னொன்று யூனியன். "புரொபேஷன் முடியும்வரை யூனியனால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு பேச்சு அடிபடுகிறது. சீஃப் பைலட் கூப்பிட்டால் யூனியன் பிரதிநிதியை (ரெப்) கூட்டிக்கொண்டு போகலாமா? மற்ற தொழிலாளிகளுக்கு இருக்கும் வைன்கார்டன் உரிமை (விசாரணையில் ரெப்பை உடன் வைத்துக்கொள்வது) நமக்கும் உண்டுதானே?

பதில்: பிரேக்பின்

ஹெட்செட்டை இப்போது வாங்காதீர்கள். எந்த விமானம் என்று தெரியட்டும். செஸ்னாவில் செருகிய இரட்டை பிளக்கும் ஏர்பஸ்ஸில் செருகும் ஐந்து பின் எக்ஸ்எல்ஆரும் வேறு வேறு. ஒரே மாடலை இரண்டு பிளக்கிலும் விற்கிறார்கள். ஆன்லைனில் அவசரத்தில் ஆர்டர் போட்டு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான். சில கம்பெனி மேனுவல்களில் டிஎஸ்ஓ (அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-வின் தரச் சான்று) முத்திரை உள்ள ஹெட்செட்தான் செல்லும் என்று ஒரு வரி இருக்கும். அதையும் கேட்டுவிடுங்கள்.

பழைய டேவிட் கிளார்க் எச்10-13.4 சத்தத்தை நன்றாகவே தடுக்கும். சிக்கல் அதன் எடை. கிட்டத்தட்ட அரை கிலோ. பயிற்சி விமானத்தில் ஒன்றரை மணி நேரம் தாங்கும் தலை, ஒரே நாளில் நான்கு லெக் (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஒரு பறப்பு) போட்டால் உச்சியில் ஒரு புள்ளியில் வலிக்கத் தொடங்கும். ஜெட்டுக்கென வந்த போஸ் புரோஃபிளைட் மாதிரியானவை அதில் மூன்றில் ஒரு பங்கு எடைகூட இருக்காது.

ஏஎன்ஆர் (மின்னணு முறையில் சத்தத்தை அடக்கும் வசதி) இருந்தால் எல்லாச் சத்தமும் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். அது அடக்குவது தாழ்ந்த உறுமலை. ஜெட் காக்பிட்டில் காதைத் தின்பது விண்ட்ஷீல்டை உரசிப் போகும் காற்றின் "உஸ்". அது மேல் அலைவரிசை. அதைத் தடுப்பது காது மெத்தையோ காதுக்குள் போகும் முனையோ ஒட்டி உட்காரும் விதம்தான். மூக்குக் கண்ணாடியின் காது கம்பி தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு சந்து விழும். முழுச் சத்தமும் அதன் வழியே உள்ளே வரும். ஹெட்செட்டை மாற்றும் முன் கண்ணாடி கம்பியை மெல்லியதாக மாற்றிப் பாருங்கள். செலவு மிச்சம்.

கூலிங் கிளாஸும் மெல்லிய கம்பியாகவே இருக்கட்டும். போலரைஸ்டு வேண்டவே வேண்டாம். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் எல்சிடி திரை கறுத்துப் போகும்.

டார்ச் சட்டப்படி கட்டாயம். அமெரிக்க விமான விதி 121.549: ஒவ்வொரு குழு உறுப்பினரிடமும் நன்றாக எரியும் டார்ச் எடுக்கத் தோதாக இருக்க வேண்டும். போன் வெளிச்சம் கணக்கில் வராது. ஏஏ பேட்டரியில் எரிவதாக வாங்குங்கள். சின்ன ஊரில் ராத்திரி தங்கும்போது பெட்ரோல் பங்க்கில் அதுதான் கிடைக்கும், சிஆர்123 கிடைக்காது. 150, 200 லூமென் தாராளம். அதற்கு மேல் போனால் ஈரமான தகட்டில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும். விடியுமுன் வாக்அரவுண்டில் (விமானத்தைச் சுற்றி நடந்து சோதிப்பது) பார்க்க வேண்டியது பிரேக் தேய்மானத்தைக் காட்டும் சிறு கம்பி, அதாவது பின். பார்க்கிங் பிரேக் போட்ட நிலையில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தகட்டோடு மட்டமாகிவிட்டால் மெயின்டனன்ஸைக் கூப்பிட வேண்டியதுதான். குனிந்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால்தான் அந்த மில்லிமீட்டர் தெரியும். நேராக அடித்தால் நிழல் விழாது, எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

அதே வாக்அரவுண்டுக்குப் பஞ்சு இயர்பிளக். சிஆர்ஜே-யில் வால்பக்கம் ஏபியு (தரையில் மின்சாரம் தரும் துணை எஞ்சின்) ஓடிக்கொண்டிருக்கும்போது வெறும் காதோடு நிற்காதீர்கள். பிளக்கை உருட்டிக் குச்சி போல் மெலிதாக்கி, எதிர்க் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சும்மா வாசலில் செருகினால் பாதி பலன்கூட இராது.

பை: சக்கரம் போல்ட் போட்டுக் கழற்றி மாற்றும் வகையாக இருக்கட்டும். ரிவெட் அடித்தது ஒரு குளிர்காலத்தில் முடிந்துவிடும், பனி உருகத் தூவும் உப்பு பேரிங்கைத் தின்றுவிடும். சிஆர்ஜே-200-இல் தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் உருட்டும் பை நுழையாது, பின் சரக்கறைக்குத்தான் போகும். அப்போது பவர் பேங்க்கும் உதிரி லித்தியம் பேட்டரியும் பையில் இருக்கவே கூடாது. தோள்பைக்கு மாற்றிவிடுங்கள். ஏர்லைன் அனுமதி கேட்காமல் கொண்டுபோக வரம்பு 100 வாட்-ஹவர். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டில் 74, கவலையில்லை. 27,000 என்றால் 99.9, மயிரிழையில் தப்பும். 30,000-ஐக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

ஐபேட் பெரும்பாலும் கம்பெனியே தரும். ஸ்டாண்டும் கம்பெனி அனுமதித்ததே இருக்க வேண்டும், சொந்தமாக வாங்கிய சக்ஷன் கப்பை ஜன்னலில் ஒட்டாதீர்கள். ஆப்பிள் கணக்கில் 35 டிகிரி செல்சியஸ் வரைதான் அது வேலை செய்ய வேண்டிய சூடு. வெயில் படும் ஜன்னலில் சார்ஜும் போட்டு மாட்டினால் அப்ரோச் சார்ட் (தரையிறங்கும் வழியைக் காட்டும் வரைபடம்) தேவைப்படும் நேரத்தில் வெப்பநிலை எச்சரிக்கை காட்டிப் படுத்துவிடும். தரையில் நிற்கும்போது கழற்றி நிழலில் வையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், காற்றுக் குழாயை அதன் பக்கம் திருப்புங்கள். 28 நாள் சார்ட் அப்டேட்டை வீட்டு வைஃபையில் முடித்துவிடுங்கள், ஹோட்டல் வைஃபையை நம்ப வேண்டாம்.

பதில்: ஜம்ப்சீட்

மேல சொன்னதுல சின்னதா ஒண்ணு. ஹெட்செட் வயரை சீட் தண்டவாளத்துப் பக்கம் தொங்க விடாதீங்க. சீட்டை முன்னாடி இழுக்கும்போது நசுங்கும். முதல்ல ஒரு பக்கக் காது போகும், அப்புறம் மைக் கரகரக்கும். பேட்டரின்னு நினைச்சு மாத்திக்கிட்டே இருப்பாங்க.

அப்புறம் காகிதங்கள். டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுற தகுதி) செக் முடிஞ்சதும் தர்ற தற்காலிக சர்ட்டிபிகேட் 120 நாள்தான் செல்லும். பிளாஸ்டிக் கார்டு தபால்ல வந்துச்சான்னு 90-ஆவது நாளே பாருங்க. அட்ரஸ் மாறினவங்களுக்குத்தான் இதுல அடி. கனடா, மெக்சிகோ போற ரூட்டா இருந்தா எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) தர்ற ரேடியோ பர்மிட்டும் வேணும். பரீட்சை கிடையாது, ஒரு தடவை வாங்கினா ஆயுசுக்கும்.

பதில்: சீனியாரிட்டி நம்பர்

யூனியன் கேள்விக்கு வருகிறேன். வைன்கார்டன் நமக்கு இல்லை. 1975-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த அந்தத் தீர்ப்பு தேசிய தொழிலாளர் உறவுச் சட்டத்தின் கீழ் வரும் ஆட்களுக்கு. விமான ஊழியர்கள் வருவது ரயில்வே லேபர் ஆக்ட்டின் கீழ். 1926-இல் ரயிலுக்காகப் போட்ட சட்டம், 1936-இல் விமானத்துக்கும் நீட்டினார்கள். அதனால் ரெப்போடு உட்காரும் உரிமை உங்களுக்கு வருவது கம்பெனியும் யூனியனும் போட்ட ஒப்பந்தத்திலிருந்து. ஒப்பந்தத்தில் இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

ஆகவே கிளாஸில் ஒப்பந்தப் புத்தகம் தந்தவுடன் சம்பளப் பக்கத்துக்கு முன் விசாரணை–ஒழுங்கு நடவடிக்கை, குறைதீர்ப்பு, சிஸ்டம் போர்டு (தீராத குறையை நடுவராக முடிவு செய்யும் குழு) இந்த மூன்று பிரிவுகளைப் படியுங்கள். நான்கு விஷயம் தேடுங்கள்: விசாரணைக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டுமா, எத்தனை நாள் முன்பு, ரெப் வரும்வரை கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா, புரொபேஷனில் இருப்பவருக்கு இதில் எது பொருந்தாது. நீங்கள் கேட்ட பேச்சு பாதி உண்மை. பெரும்பாலான ஒப்பந்தங்களில் புரொபேஷன் காலத்தில் வேலையிலிருந்து நீக்கினால் அதை எதிர்த்துக் குறைதீர்ப்புக்குப் போக முடியாது. ஆனால் அதே ஆளோடு ரெப் கூட வந்து உட்காருவதைப் பல ஒப்பந்தங்கள் தடுப்பதில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தனியாகப் போய் மாட்டுகிறவர்கள்தான் அதிகம்.

சீஃப் பைலட் ஆபீஸிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி: "இது எதைப் பற்றி? இதிலிருந்து ஒழுங்கு நடவடிக்கை வரக்கூடுமா?" ஆம் என்றாலோ மழுப்பினாலோ, "ரெப்போடு வருகிறேன்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். அந்த இடத்திலேயே எழுத்து வாக்குமூலம் கேட்டால், ஒப்பந்தப்படி எவ்வளவு நேரம் என்று ரெப்பைக் கேட்டுத் தருவதாகச் சொல்லுங்கள். வர மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது கீழ்ப்படியாமை என்ற தனி வழக்காகிவிடும். வெளியே வந்ததும் தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று அன்றே எழுதி வையுங்கள்.

கேப்டனோடு ஒத்துவரவில்லை என்பதற்கெல்லாம் சீஃப் பைலட்டிடம் போக வேண்டாம். யூனியனில் புரொஃபஷனல் ஸ்டாண்டர்ட்ஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கும். சக பைலட்டுகள் பேசித் தீர்ப்பது, கம்பெனி ஃபைலில் ஏறாது. பாலியல் தொந்தரவு மாதிரியான புகார் அதில் சேராது, அதற்குக் கம்பெனியின் முறையான வழிதான்.

யூனியன் உள்ள இடமா இல்லாத இடமா என்று தேர்வு இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பல ரீஜனல்களில் 1931-இல் தொடங்கிய ஏர் லைன் பைலட்ஸ் அசோசியேஷன் இருக்கிறது, ஆல்பா என்போம். ரிபப்ளிக் ஏர்லைனில் டீம்ஸ்டர்ஸ் என்ற யூனியன். ஸ்கைவெஸ்ட்டில் யூனியன் இல்லை, உள்ளேயே சாப்பா என்ற பைலட் அமைப்பு கம்பெனியோடு பேசுகிறது. உள் அமைப்பு சம்பளம் நன்றாகவே பேசலாம். ஆனால் கம்பெனி சொன்ன சொல்லை மீறினால் நடுவரிடம் இழுக்கும் வழி உண்டா என்பதுதான் வித்தியாசம். அதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புதிதாக யூனியன் கொண்டுவரத் தேர்தல் வேண்டுமென்றால் தேசிய மத்தியஸ்த வாரியத்திடம் கம்பெனி முழுக்க உள்ள பைலட்டுகளில் 50 சதவீதம் பேரின் கையெழுத்துக் கார்டு போக வேண்டும். ஒரு பேஸ் (பைலட்டுகள் வேலை தொடங்கும் ஊர்) மட்டும் தனியாகச் சேர முடியாது. டெக்சாஸ் மாதிரி "ரைட் டு ஒர்க்" (யூனியன் சந்தாவைக் கட்டாயமாக்க விடாத) மாநிலத்தில் இருக்கிறேன், சந்தா கட்ட மாட்டேன் என்பதும் செல்லாது. ரயில்வே சட்டம் மாநிலச் சட்டத்துக்கு மேல்.

பறப்பில் தவறு நடந்துவிட்டால் இரண்டு தாள். கம்பெனியின் ஏசாப் ரிப்போர்ட் (தவறைத் தானாக முன்வந்து சொல்லும் பாதுகாப்புத் திட்டம்), பொதுவாக 24 மணி நேரத்துக்குள். நாசாவின் ஏஎஸ்ஆர்எஸ் என்ற பறப்புப் பாதுகாப்பு அறிக்கை, 10 நாளுக்குள். ஏசாப்பை கம்பெனி, எஃப்ஏஏ, யூனியன் என மூன்று தரப்பும் உட்கார்ந்து பார்க்கும். நாசா தாள் தண்டனையைத் தள்ளுபடி செய்ய உதவும், விதிமீறல் நடந்தது என்ற பதிவை அழிக்காது. வேண்டுமென்றே செய்ததற்கும் அது உதவாது. கன்ட்ரோலர் "பைலட் டீவியேஷன் (பைலட்டின் விதிமீறல்) இருக்கலாம், இந்த நம்பருக்குப் பேசுங்கள்" என்றால் நம்பரை எழுதிக்கொண்டு "ரோஜர்" மட்டும் சொல்லுங்கள். அலைவரிசையில் வாதாடினால் அது டேப்பில் நிற்கும். தரையிறங்கியபின், அந்த நம்பரை அழைக்கும் முன், யூனியன் சேஃப்டி ஆட்களை அழையுங்கள். கேப்டன் எழுதியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் ரிப்போர்ட் உங்களுக்கு மட்டும்தான்.

வலதுசீட்டு

நன்றி. இரண்டு சந்தேகம். களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் புரொபேஷனில் ஆபத்தா? ரேண்டம் டிரக் டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டாலும் ரெப்பைக் கேட்கலாமா?

பதில்: சீனியாரிட்டி நம்பர்

முதலாவது: 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் 3407 விழுந்து 50 பேர் இறந்த பிறகு வந்தவைதான் ஏர்லைனில் சேர 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதியும், 2014 ஜனவரி 4 முதல் அமலில் உள்ள பகுதி 117 என்ற பணி–ஓய்வு நேர விதியும். 117.5-படி தகுதியில்லாத நிலையில் ஏறுவது உங்கள் மீறல், கம்பெனியுடையது மட்டுமல்ல. பத்து மணி நேர ஓய்வில் எட்டு மணி நேரம் தடையில்லாத தூக்கத்துக்கு வாய்ப்பு இருக்க வேண்டும். ஹோட்டல் வேன் தாமதமாகி அது கெட்டுவிடும் என்றால் காலையில் அல்ல, அப்போதே ஷெட்யூலிங்கில் சொல்லுங்கள். "களைப்பு" என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், "உடம்பு சரியில்லை" என்றால் சிக் லீவில் கழியும். ரிப்போர்ட்டில் உறங்கிய நேரம், விழித்த நேரம், எத்தனை லெக், எவ்வளவு தாமதம் என்று எண்களாக எழுதுங்கள். பணி நாளை நீட்டிப்பது இரண்டு மணி நேரம் வரை, அதற்குக் கேப்டன் சம்மதம் வேண்டும். கேப்டன் சரி சொன்னதால் உங்களுக்கும் சரி என்று ஆகாது.

குரூப் சாட்டில் "எல்லாரும் சிக் போடுவோம்" என்று யாராவது எழுதினால் இதயக்குறி கூடப் போடாதீர்கள். 1999-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் அப்படிச் செய்து, யூனியனுக்கு நீதிமன்றம் 4.5 கோடி டாலருக்கு மேல் விதித்தது.

இரண்டாவது: கேட்கலாம், காத்திருக்க முடியாது. ரெப் வரத் தாமதம் என்பதற்காகச் சிறுநீர்ச் சேகரிப்பைத் தள்ளிவைக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ரெப்புக்கு மெசேஜ் போட்டுவிட்டு நடந்துகொண்டே இருங்கள். 45 மில்லி சிறுநீர் வேண்டும். வராவிட்டால் மூன்று மணி நேரம் வரை, 40 அவுன்ஸ், அதாவது சுமார் 1.2 லிட்டர் வரை தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாம். அடுத்த லெக்குக்கு நேரமாகிறது என்று நடுவில் எழுந்து போனால் மறுப்பு என்று பதிவாகும், மறுப்புக்கு எல்லா சர்ட்டிபிகேட்டையும் ரத்து செய்ய முடியும். ஃபிளைட் போகட்டும், அது கம்பெனியின் கவலை. கதவு திறந்ததும் டாய்லெட்டுக்கு ஓடும் முன், ஜெட்வேயில் (விமானத்தையும் டெர்மினலையும் இணைக்கும் நடைபாலம்) டெஸ்ட்டுக்குக் கூப்பிட யாராவது கிளிப்போர்டோடு நிற்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.