கேப்ஸ் லாக் கன்ட்ரோலாக வேலை செய்யவில்லை, அவசரம்

தேன்சிட்டு: வணக்கம். கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றி வைத்துத்தான் வெகுகாலமாகத் தட்டச்சு செய்கிறேன். அப்டேட் போட்டதும் பழையபடி கேப்ஸ் ஆகிவிட்டது. கோப்பைச் சேமிக்கலாம் என்று அழுத்தினால் பெரிய எஸ் வந்து விழுகிறது. நாளைக்குள் ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும். யாராவது உதவுங்கள்.

பழையபெட்டி: எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ? டெஸ்க்டாப் க்னோமா, கேடிஇயா? முன்பு எப்படி மாற்றி வைத்தீர்கள்?

நிலாமுற்றம்: கீக்கு அடியில் தூசி சேர்ந்திருக்கும். கழற்றித் துடைத்துப் பாருங்கள்.

பழையபெட்டி: பெரிய எழுத்து விழுகிறது என்கிறாரே, கீ நன்றாகத்தான் அழுந்துகிறது. தூசி என்ன செய்யும்?

தேன்சிட்டு: உபுண்டு, க்னோம். கீகளை மாற்றி வைக்கும் எக்ஸ்மாட்மேப் கோப்பு ஒன்று இருக்கிறது, லாகின் ஆனதும் தானாக ஓடும். இன்னொன்று, பழைய எடிட்டர் ஒன்றில் மட்டும் கன்ட்ரோல் சரியாக வருகிறது. டெர்மினலில் வரவில்லை.

கணினிக்கிழவர்: இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன? திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் பழைய எக்ஸுக்குப் பதிலாக வேலேண்ட் வந்து எத்தனை காலமாயிற்று, இன்னும் எக்ஸ்மாட்மேப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஆவணத்தைப் படிக்கும் பழக்கமே போய்விட்டது.

வாய்க்கால்: தமிழ்99 பயன்படுத்துகிறீர்களா? லேஅவுட்டை மாற்றினாலோ கீபோர்டைப் பிடுங்கிச் செருகினாலோ எக்ஸ்மாட்மேப் மாற்றங்கள் அழிந்துபோவதுண்டு. எனக்கு அப்படித்தான் ஆனது.

பழையபெட்டி: அப்படியானால் எடிட்டரிலும் போயிருக்குமே. இது வேலேண்ட் வேலைதான். எக்ஸ்மாட்மேப் எக்ஸ் சர்வரிடம் மட்டுமே பேசும். அந்த எடிட்டர், எக்ஸுக்கு எழுதியவற்றை வேலேண்டில் ஓட்டும் எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடுகிறது, அதனால் அங்கே மட்டும் எடுபடுகிறது. டெர்மினல் நேராக வேலேண்டில் ஓடுவது.

க்னோம் ட்வீக்ஸ் நிறுவி, கீபோர்ட் பகுதியில் கூடுதல் லேஅவுட் விருப்பங்களைத் திறங்கள். கன்ட்ரோலின் இடம் என்ற தலைப்பின் கீழ், கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக்கும் வரியை டிக் செய்தால் போதும். அப்புறம் அந்த எக்ஸ்மாட்மேப் கோப்பை ஓடவிடாமல் ஒதுக்கி வையுங்கள், இரண்டும் மோதினால் தலைவலி. இதற்கும் நேரமில்லை என்றால், லாகின் திரையில் பல்சக்கரத்தை அழுத்துங்கள். எக்ஸ்ஆர்க் (Xorg) செஷன், அதாவது பழைய எக்ஸ், இருந்தால் இன்றைக்கு அதில் ஓட்டிவிடலாம்.

நிலாமுற்றம்: கேப்ஸை எஸ்கேப் ஆக்குவதுதான் புத்திசாலித்தனம். விஐ எடிட்டர் பயன்படுத்துகிறவனுக்குக் கன்ட்ரோல் எதற்கு?

கணினிக்கிழவர்: 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் 83 கீ கீபோர்டில் ஏ-வுக்கு இடப்பக்கம் கன்ட்ரோல்தான் இருந்தது. விஐ உருவான ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலிலும் அப்படியே. அதில் எஸ்கேப் இருந்தது இப்போது டேப் இருக்கும் இடத்தில். விஐ பற்றிப் பேசுமுன் இதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

நிலாமுற்றம்: அப்போது டேபைப் பிடுங்கி எஸ்கேப் ஆக்கிவிடட்டுமா, ஐயா?

வாய்க்கால்: ஏன் சண்டை? கீகளை மாற்றும் கீடி (keyd) நிரலைப் போடுங்கள். கேப்ஸைத் தட்டினால் எஸ்கேப், பிடித்துக்கொண்டால் கன்ட்ரோல். எக்ஸுக்கும் வேலேண்டுக்கும் கீழ்மட்டத்திலேயே நடப்பதால் இரண்டிலும் ஓடும்.

கணினிக்கிழவர்: ஒரு டிக் போடும் காரியத்துக்கு ரூட் அதிகாரத்தோடு பின்னணியில் ஓடும் டீமன் ஒன்றா!

தேன்சிட்டு: சரியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

பழையபெட்டி: எதைச் செய்தீர்கள்? ட்வீக்ஸா, எக்ஸ்ஆர்க்கா?

வாய்க்கால்: ஆள் போயாச்சு.

நிலாமுற்றம்: போகட்டும். கீடியில் அந்த வரியை எப்படி எழுத வேண்டும்?