டெக்சாஸ்: பிள்ளை யாரிடம் வளரும் என்பதை ஜூரியா முடிவு செய்யும்?

மதுரைத் தம்பி:
அக்கா டாலஸ் பக்கம் இருக்கிறாள். விவாகரத்து வழக்கு நடக்கிறது. மகளுக்கு 13 வயது, அம்மாவோடுதான் இருப்பேன் என்கிறாள். இப்போது மாமா தரப்பில் ஜூரி (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் குழு) வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பணமும் கட்டிவிட்டார்கள். நம் ஊர்க் குடும்பநல நீதிமன்றத்தில் எல்லாம் நீதிபதிதானே? முன்பின் தெரியாத 12 பேர் எதை வைத்துச் சொல்வார்கள்? அக்கா வேண்டாம் என்றால் நிறுத்தலாமா? வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

ஹூஸ்டன்வாசி:
பதற வேண்டாம் தம்பி. பிள்ளை விஷயத்தில் ஜூரி சொல்வதற்கு நீதிபதியே கட்டுப்படுவது அமெரிக்காவில் டெக்சாஸில் மட்டும்தான். விசாரணைக்கு 30 நாளாவது முன்னால் முறைப்படி கேட்டிருந்தால், அக்காவுக்கு விருப்பமில்லை என்பதற்காக நிறுத்த மாட்டார்கள்.

ஆனால் எல்லாம் ஜூரி கையில் இல்லை. பொறுப்பு இருவருக்குமா ஒருவருக்கா, பிள்ளை எங்கே குடியிருப்பது என்று தீர்மானிப்பது யார், அதற்கு இந்தக் கவுண்டிக்குள்தான் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) என்று எல்லை போடுவதா, இவைதான் முக்கியமாக அவர்களிடம் போகும். மாவட்ட நீதிமன்றத்தில் 12 பேரில் 10 பேர் ஒத்துக்கொண்டால் போதும். பராமரிப்புத் தொகை, எந்த சனி ஞாயிறு யாரிடம் என்பதெல்லாம் நீதிபதி பார்ப்பார்.

பிரிஸ்கோ அம்மா:
ஜூரி இல்லாத விசாரணை என்றால், 12 வயது நிரம்பிய பிள்ளையிடம் தனியாகப் பேசும்படி நீதிபதியைக் கேட்கலாம். கேட்டால் தன் அறையில் அவர் பேசியாக வேண்டும். ஜூரி முடிவு செய்யும் விஷயத்தில் அது கிடையாது. அப்புறம் அவள் மனது அந்த 12 பேருக்கு எப்படித் தெரியும்? டீச்சர், டாக்டர், பக்கத்து வீட்டார் என்று அவளைத் தினமும் பார்க்கிறவர்கள் வந்து சொல்ல வேண்டும். தயவுசெய்து பிள்ளையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். என் வழக்கு மீடியேஷனிலேயே (நடுவில் ஒருவரை வைத்துப் பேசித் தீர்ப்பது) முடிந்தது, அதற்கே என் மகன் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கு யார் கொண்டுவிடுகிறார்கள், காய்ச்சல் என்றால் யார் லீவு போடுகிறார்கள் என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மதுரைத் தம்பி:
நன்றிக்கா. "ஜட்ஜிடம் நீயே சொல்லிடலாம்"னு அவளுக்கு நான்தான் தைரியம் சொல்லி வைத்திருந்தேன். இன்று ராத்திரியே பேசி அதை மாற்றிச் சொல்ல வேண்டும். இனிமேலும் மீடியேஷனுக்குப் போகலாமா?

ஹூஸ்டன்வாசி:
தாராளமாக. ஜூரி கேட்ட பிறகும் போகலாம். ஆனால் முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்வாங்குவது ரொம்பக் கஷ்டம். வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லுங்கள்.