பி.பி. நம்பர் இருந்த காலம்: உங்கள் வீட்டுக்குச் சேதி யார் கை வழியாக வந்தது?

சுசீந்திரத்திலிருந்து:

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஃபோன் நம்பருக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருக்கும். என் மகளிடம் காட்டினேன். “யாருக்கு பிரஷர்?” என்று கேட்கிறாள். ஃபோன் நம்முடையது இல்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது, கூப்பிட்டால் ஆளை அழைத்து வருவார்கள் என்று விளக்கினேன். “அவங்க ஏன் கூப்பிடணும்?” என்றாள். அதற்கு என்ன பதில் சொல்ல?

எங்கள் தெருவுக்கு ஒரே ஃபோன்தான், பலசரக்குக் கடை அண்ணாச்சி வீட்டில். ஃபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கறுப்பு ஃபோன், டயல் ஓட்டையில் ஒரு குட்டிப் பூட்டு. வருகிற காலுக்குக் காசு கிடையாது, போகிற காலுக்குத்தான். ஆகவே பூட்டு எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு வருகிற கால்தானே முக்கியம்.

சித்தப்பா சவூதியில் இருந்தார். அங்கே வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்றைக்குச் சாயங்காலம்தான் பேசுவார். அண்ணாச்சி வீட்டு மைனி வேலிக்கு மேலே தலையை நீட்டி, “லேய் மக்கா, சித்தப்பா பேசினாவ. பத்து நிமிசத்துல திரும்பப் போடுவாவளாம், சித்தியக் கூட்டிட்டு வா” என்பார். தெருவுக்கே ஓட்டக்காரன் நான்தான். எந்த வீட்டுக்கு ஓடினாலும் எனக்கு ஒரு கடலை மிட்டாய் உண்டு.

சித்தி போய் ஃபோனுக்குக் கீழே தரையில் உட்காருவாள். அந்த அறையில் மைனி இருப்பார், மைனியின் மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு இருப்பார், அடுத்த காலுக்குக் காத்திருக்கும் இரண்டு பேரும் இருப்பார்கள். சித்தி பேசியதில் பாதி “ம்” என்பதாகத்தான் இருக்கும். ஆனால் அந்த “ம்”மை வைத்தே மீதியை எல்லோரும் கட்டிக்கொள்வார்கள். ஒரு தடவை சித்தப்பாவுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. வளையலை அடகு வைக்கட்டுமா என்று சித்தி அடங்கின குரலில் கேட்டாள். அடங்கின குரல் என்ன பிரயோசனம், அறை அவ்வளவு சின்னது. மறுநாள் விடியற்காலம் கடை திறக்கும் முன்பே அண்ணாச்சி எங்கள் நடையில் வந்து நின்றார். “வளையல் ஒண்ணும் வைக்காண்டாம். கடைக் கணக்கு நிக்கட்டு. அவன் பணம் அனுப்பின பெறவு பாத்துக்கிடலாம்” என்றார். சித்திக்கு அவமானத்தில் முகம் சிவந்துவிட்டது. அரிசியும் வந்துவிட்டது. இந்த இரண்டையும் பிரித்து எடுக்க முடியாது என்பதுதான் என் எண்ணம். நம் சேதி இன்னொருவர் கை வழியாக வந்தால் அவருக்கும் அது தெரியும். தெரிந்தவர் சும்மா இருக்க மாட்டார்.

அப்புறம் எஸ்.டி.டி. பூத் வந்தது. இரவு 11 மணிக்கு மேல் கட்டணத்தில் நாலில் ஒரு பங்குதான் என்று வடசேரியில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம். அதன் பிறகு யார் வீட்டுச் சேதியும் எங்களுக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டுக்கு யார் கை வழியாக வந்தது? சொல்லுங்கள்.


மார்த்தாண்டத்திலிருந்து:

எங்கள் வீட்டுக்குக் கேசட் வழியாக வந்தது. அப்பா குவைத்தில் இருந்தார். அம்மைக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. கடிதம் என்றால் அடுத்த வீட்டு அக்காவிடம் சொல்லித்தான் எழுத வேண்டும். அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா? அதனால் அப்பா ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்து, இனி பேசி அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரிலிருந்து யாராவது கிளம்பினால் நேந்திரங்காய் சிப்ஸ், மாங்காய் ஊறுகாய், அதோடு ஒரு கேசட் என்று கொடுத்து அனுப்புவோம். அம்மை பேசியதை இப்போது கேட்டாலும் சிரிப்பு வரும். முதலில் “ஓடுதா? சிவப்பு லைட்டு எரியுதா?” என்று ஒரு நிமிஷம். அப்புறம் மரச்சீனி நட்டது, ரப்பர் ஷீட் விலை, யார் வீட்டில் பிள்ளை பிறந்தது. நடுவில் கோழி கத்தும். அம்மை அதை விரட்டிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். எங்களையும் பேசச் சொல்வாள். நாங்கள் கூச்சப்பட்டுக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிப்போம். அப்பா அனுப்பும் கேசட்டில் நடுநடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். சில இடங்களில் அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவர் குரல் மாறியிருக்கும். பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டு அழுதிருக்கிறார் என்பது எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் புரிந்தது.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. கடிதமும் இல்லை, ஃபோனும் இல்லை. எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு, ஆகவே எல்லா வீட்டிலும் ராத்திரி பி.பி.சி. தமிழோசை ஓடியது. ஜோர்டானில் உள்ள அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானங்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைத் திரும்பக் கொண்டுவந்தன என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், கருங்கல் பக்கத்துக்காரர் ஒருவர் வந்துவிட்டார் என்பதுதான். அம்மை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். அவர் வீட்டு முற்றத்தில் முன்பே ஒரு கூட்டம். மனிதர் குளிக்கக்கூட இல்லை. சிகரெட் பெட்டியைப் பிரித்த அட்டையில் பெயரும் ஊரும் குறித்து வைத்திருந்தார், வழியில் முகாமில் பார்த்தவர்களாம். ஒவ்வொரு பெயராக வாசித்தார். அப்பா பெயர் வந்தது. பெயர் வராதவர்களும் அதே முற்றத்தில்தான் நின்றார்கள். அதனால் அம்மை அழக்கூட இல்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்துவிட்டாள்.

அப்பா பம்பாய் வந்து, ஜெயந்தி ஜனதா ரயில் பிடித்து, குழித்துறை ஸ்டேஷனில் இறங்கினார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். அதற்குள் நாங்கள் அனுப்பிய கேசட்டுகள்.


தூத்தூர் பக்கத்திலிருந்து:

படித்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு முடிந்துபோன அந்தக் காலம், கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் எங்களுக்கு இன்னும் இருக்கிறது.

எங்கள் பாட்டா காலத்தில் கட்டுமரத்தில் போனவர்கள் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேராகப் பார்த்து, அந்த நேரை இன்னொரு நேரோடு சேர்த்துப் பார்த்து இடம் பிடிப்பார்கள். கடலுக்கு அடியில் பார், அதாவது பாறைத் திட்டு, இருக்கும் இடத்துக்கு அப்படியே போய் நிற்பார்கள். பெரிய அறிவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனவன் வரும்வரை வீட்டில் இருப்பவள் கரையில் போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. அதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் வந்தபோது கரையில் எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருந்தது. எங்கள் ஊர்ப் படகுகள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கித் தூண்டில் போடுபவை. அவ்வளவு தூரத்துக்கு ஃபோனும் எடுக்காது, படகு வயர்லெஸ்ஸும் எட்டாது. புயல் வருகிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. பிறகு சில படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி காட்டும் கருவிகள் வந்தன. அன்றைக்குப் புயலில் தப்பிக் கரை ஒதுங்கியவர்கள் லட்சத்தீவிலிருந்தும் மகாராஷ்டிராவிலிருந்தும் அங்குள்ளவர்களின் ஃபோனை வாங்கிப் பேசினார்கள். மேலே ஒருவர் சிகரெட் அட்டை என்று எழுதியிருக்கிறார். எங்கள் பள்ளிக்கூட வளாகத்தில் ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் வித்தியாசம்.


சுசீந்திரத்திலிருந்து:

அண்ணே, நீங்கள் சொன்னதற்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை. நான் கேட்ட கேள்வி கரையில் இருப்பவனின் கேள்விதான்.


நாகர்கோவில், கோட்டாறிலிருந்து:

கொஞ்சம் லேசான விஷயம் சொல்கிறேன். டிசம்பர் 3 சவேரியார் கோயில் திருவிழா, மாவட்டத்துக்கே லீவு. கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் மைக் செட் அறையில்தான் கொண்டு விடுவார்கள். “பச்சைச் சட்டை, வாயில் பஞ்சு மிட்டாய், பெயர் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அது என் தம்பி. அவன் சொல்லாததற்குக் காரணம், தெரியாதவர்களிடம் பெயர் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லிவைத்திருந்தது.

ரேடியோ கதை இல்லாமல் இது முடியாது. தெற்கே இருப்பதால் நமக்குச் சிலோன் சுத்தமாகக் கேட்கும். திருவனந்தபுரமும் திருநெல்வேலியும் வேறு. 1984-ல் நாகர்கோவிலில் வானொலி நிலையம் வந்தது, இந்தியாவிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம். இதை நம்மூர்க்காரர்களே பலர் நம்புவதில்லை. பாட்டு கேட்டு 15 பைசா கார்டில் எழுதிப் போடுவோம். அக்கா ஒரே கார்டில் தெருவிலுள்ள எல்லாப் பெயரையும் பொடிப்பொடியாக எழுதுவாள். பெயரை வாசிக்கும் அன்றைக்குத் தெருவே கேட்கும். பாட்டு யாருக்கு வேண்டும்!

டி.வி. என்றால் ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் கேள்வி. வடமேற்கே திருப்பினால் 1985-ல் ஆரம்பித்த திருவனந்தபுரம் தூர்தர்ஷன், மலையாளம். கிழக்கே திருப்பினால் இலங்கையின் ரூபவாஹினி, வானம் தெளிவாக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கொசு பறக்கும். கூரை மேல் ஒருவன், முற்றத்தில் ஒருவன், டி.வி. முன்னால் ஒருவன். “வந்திச்சா?” “இல்ல, இன்னும் கொஞ்சம்.” “இப்பம்?” “வந்திச்சு, போச்சு!” கிரிக்கெட் மேட்ச்சில் பாதி இப்படியே போகும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் வேறு. கூரையில் ஏறி வழுக்கி விழுந்தவர்களின் பட்டியலை நான் தனியாகவே எழுதலாம்.


தக்கலையிலிருந்து:

ஆண்கள் எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். நான் பெண்ணாகச் சொல்கிறேன்: எனக்கு அந்தக் காலம் திரும்ப வேண்டாம். பி.பி. நம்பருக்கு ஒரு தடவை என்னோடு காலேஜில் படித்த பையன் கூப்பிட்டான், செய்முறைத் தேர்வு தேதி மாறிவிட்டது என்று சொல்ல. நான் போவதற்குள், “உங்க பிள்ளைய ஒரு ஆம்பளப் பய கூப்பிடுதான்” என்று அம்மாவிடம் சேதி போய்விட்டது. எனக்கு வீட்டில் நடந்ததை இங்கே எழுத வேண்டாம். தேர்வு தேதி என்று நம்பவைக்க, என்னோடு படித்த இன்னொருத்தி அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. தபால்காரரிடமிருந்து இன்லேண்டு லெட்டரை நேராக என் கையில் வாங்க, தினமும் பத்தரை மணிக்கு வாசல் பெருக்குவேன். எங்கள் வீட்டு வாசல் அளவுக்குச் சுத்தமான வாசல் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

அண்ணாச்சிக்கு அரிசி கொடுக்கும் மனசு இருந்தது, சரி. எங்கள் பி.பி. வீட்டில் இருந்தது வேறு மனசு.


கன்னியாகுமரியிலிருந்து:

அப்பா கடற்கரையில் போட்டோகிராபர். கழுத்தில் கேமரா, கையில் சாம்பிள் ஆல்பம். விவேகானந்தர் பாறை பின்னால் வரும்படி ஆளை நிறுத்துவார். 2000 ஜனவரி 1-இல் 133 அடி வள்ளுவர் சிலை திறந்த பிறகு இரண்டும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று கேட்பார்கள், அதற்கு எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்கு மணலில் அடி கணக்குத் தெரியும்.

ரோலில் 36 படம். ரோல் முடிந்தால்தான் கழுவக் கொடுப்பார். வந்தவர்களோ மறுநாளே போய்விடுவார்கள். அதனால் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு கவரையும் பேனாவையும் நீட்டி, “உங்க அட்ரஸ நீங்களே எழுதுங்க” என்பார். வங்காளி, குஜராத்தி என்று என்னென்னவோ எழுத்தில் எழுதுவார்கள். ஊரும் பின்கோடும் மட்டும் இங்கிலீஷில் இருந்தால் போதும் என்று போஸ்ட் ஆபீசில் சொல்லியிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் படம் வரும் என்று நம்பிப் போயிருக்கிறார்கள், ஆச்சரியம்தான். படம் அனுப்பாமல் ஏமாற்றியவர்களும் அந்தத் தொழிலில் இருந்தார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அனுப்புவார். கவருக்குள் தேங்காய்நாரில் கட்டிய சங்கு ஒன்று வைக்க ஆசைப்பட்டுப் பார்த்தார், தபால் செலவு கட்டவில்லை.

நன்றி எழுதிப் போட்டவர்களும் உண்டு. ஒருமுறை புனேயிலிருந்து ஒரு கடிதம், கோபமாக. படத்தில் என் மனைவி கண்ணை மூடியிருக்கிறாள், பணத்தைத் திருப்பி அனுப்பு என்று. அப்பா நெகட்டிவைத் தேடி எடுத்தார். நல்ல காலம், அதே இடத்தில் இரண்டு தடவை எடுத்திருந்தார். இரண்டாவதில் அந்த அம்மா கண்ணைத் திறந்து அழகாகச் சிரிக்கிறார். கணவர்தான் கண்ணை மூடியிருக்கிறார். அதைப் பிரிண்ட் போட்டு, “அம்மாவிடம் கொடுக்கவும்” என்று பின்னால் எழுதி அனுப்பினார். அதற்கு அப்புறம் புனேயிலிருந்து கடிதம் வரவில்லை.